சின்ன மாமாவின் மாடி பஸ்

போன மாதம் பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தபோது, லண்டன் மியூசியத்தில் நான் வாங்கிய புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. 2014-ல் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது வாங்கியது. முழுக்க முழுக்க பஸ் படங்கள்தான். 'இந்த வயசில் பொம்மைப் புத்தகமா?' என்று வீட்டில் அப்போதே சிரித்தார்கள். நான் அதை வாங்கிய காரணம் வேறு. என் தாய்மாமன் ஒருவரிடம் நான் பட்ட கடன் அது. அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பஸ் கதையும் வரும், மாமா கதையும் வரும். இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

சின்ன மாமா என்றால் அம்மாவுக்கு நேர் இளைய தம்பி. பதினேழு வயதில் ராசிபுரத்துச் சொந்தக்காரர் ஒருவரோடு கொழும்புக்குப் போனவர். புறக்கோட்டையில் ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதும் வேலை, ஜாகை வெள்ளவத்தையில். அங்கேயே அட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். 1972-ல் அவருடைய வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். இரண்டு பெட்டி, அத்தை, ஒரு கைக்குழந்தை. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி ஆட்டையாம்பட்டி வந்து சேர்ந்தார். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தின்படி தோட்டத்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்த காலம் அது. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ள வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும் என்று கணக்கு. மனிதர்களை மூட்டை எண்ணுவதுபோல எண்ணிப் பிரித்தார்கள். மாமா அந்தக் கணக்கில் வந்தவர் இல்லை. ஆனால் அதே கப்பலில் வந்தவர். ஊரைப் பொறுத்தவரை எல்லோருமே 'சிலோன்காரங்க' தான்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. சாயங்காலமானால் மாமாவைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்துவிடுவோம். கடல், கப்பல், காலிமுகத்திடல், ஈரப்பலாக்காய் என்று கதை ஓடும். ஒருநாள் பஸ் கதை வந்தது.

"மாப்ளே, அங்க பஸ்ஸுக்கு மேல் மாடி உண்டு. பின்னாடி ஏறுனா படிக்கட்டு வளைஞ்சு மேல போகும். மேல முன்சீட்டுல உக்காந்தா காலி ரோடு பூரா தெரியும். கடல்காத்து மூஞ்சில அடிக்கும். எல்லாம் லண்டன்ல ஓடுன பஸ்ஸு. வெள்ளக்காரன் ஓட்டி முடிச்சிட்டு நமக்கு வித்துட்டான்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவர். அவர் விடவில்லை. "மாடி பஸ்ஸு மெட்ராஸ்ல, பம்பாய்ல இருக்குதுங்க, ஒத்துக்கறேன். லண்டன் பஸ்ஸு எப்படிங்க சிலோனுக்கு வரும்? நீந்தியா வந்துச்சு?" என்றார். எல்லோரும் சிரித்தோம். மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த பஸ்ஸில் டிரைவர் கிளட்ச் மிதித்து கியர் போட மாட்டார், அடுத்த கியரை முன்கூட்டியே குறித்து வைத்துவிடுவார், வேண்டும்போது ஒரு மிதி மிதித்தால் தானே விழும் என்றார். டிரைவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். "இதுக்கு மேல நம்மால ஆவாதுங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாளே ஊரில் மாமாவுக்குப் பெயர் விழுந்துவிட்டது: 'லண்டன் பஸ்ஸு'. யாராவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால் 'லண்டன் பஸ்ஸு வருதுடோய்' என்பார்கள். நானும் சொன்னேன். அவர் காதுபடவே ஒருமுறை சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. அதன்பிறகு என்னிடம் கொழும்புக் கதை சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார்.

பிறகு நான் நாமக்கல் பக்கம் பாடி கட்டும் பட்டறைகளில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தேன். லாரி, டேங்கர், சில காலம் பஸ். வண்டி என்றால் என்ன, அது எத்தனை கை மாறும், எத்தனை உயிர் எடுக்கும் என்பது எனக்கு வயிற்றுப்பாடாகத் தெரியும். அப்படியிருந்தும் மாமா சொன்னது நிஜமா பொய்யா என்று அந்த முப்பது வருஷத்தில் ஒருநாள்கூட நான் விசாரிக்கவில்லை. அவர் 1996-ல் காலமானார்.

லண்டனில் கோவென்ட் கார்டன் என்ற இடத்தில் போக்குவரத்து மியூசியம் இருக்கிறது. மகள் கூட்டிப்போனாள். அங்கே நின்றது அந்த பஸ். செக்கச்சிவப்பாக, பின்பக்கம் கதவில்லாத திறந்த மேடை, வளைந்து ஏறும் படிக்கட்டு. டிரைவருக்கு மட்டும் முன்னால் பாதிக் கூண்டு. பக்கத்தில் எஞ்சின் மூக்கு. மாமா மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டியது அப்படியே இருந்தது. நான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கால் வலியோ என்று மகள் பதறினாள்.

இனி பஸ் கதை.

அதன் பெயர் ஆர்.டி. ஏ.இ.சி. என்ற கம்பெனியும் லண்டன் போக்குவரத்து நிர்வாகமும் சேர்ந்து உருவாக்கியது. முதல் வண்டி உலகப் போருக்குச் சற்றுமுன் 1939-ல் ரோட்டுக்கு வந்தது. போர் குறுக்கிட்டதால் பெரிய அளவில் கட்டியது 1947-க்குப் பிறகுதான். 1954 வரை கட்டினார்கள். ஏ.இ.சி. சேஸில் 4,825 வண்டி. அது போதாமல் லேலண்ட் கம்பெனியிடம் சேஸ் வாங்கி ஆர்.டி.எல். என்று 1,631. அதே லேலண்டில் ஆறு அங்குலம் அகலம் கூட்டி, எட்டு அடி அகலத்தில் ஆர்.டி.டபிள்யூ. என்று 500. கூட்டிப் பாருங்கள், ஏழாயிரத்துக்கு நாற்பத்து நாலு குறைவு. எல்லாம் ஒரே முகம், ஒரே அச்சு. 56 பேர் உட்காரலாம், மேலே 30, கீழே 26.

இந்த லேலண்ட் என்பது நமக்கு அந்நியமில்லை. சென்னை எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் என்று 1948-ல் ஆரம்பித்து ஆஸ்டின் கார் பூட்டிக்கொண்டிருந்த கம்பெனி, இந்த லேலண்டோடு கை சேர்த்து 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. நம் சங்ககிரி, நாமக்கல் பெரியவர்கள் 'கோமெட்' என்று செல்லமாகச் சொல்லும் லாரி அந்த வம்சம்தான். ஆகவே மாமா கொழும்பில் ஏறிய ஆர்.டி.எல்., அதே காலத்தில் நம் ஊர் வழியாக மஞ்சள் மூட்டையும் ஜவ்வரிசியும் ஏற்றிப்போன கோமெட்டுக்குப் பங்காளி முறை. அன்றைக்கு அந்த டிரைவரிடம் இதைச் சொல்லியிருந்தால் ஒருவேளை உட்கார்ந்து கேட்டிருப்பார்.

கியர் விஷயத்திலும் மாமா சொன்னது அட்சர சுத்தம். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் சின்ன நெம்புகோல் ஒன்று. இரண்டாம் கியரில் போகும்போதே அதை மூன்றுக்குத் தள்ளி வைத்துவிடலாம். வண்டி மாறாது. மேடோ பள்ளமோ வந்து, இப்போது வேண்டும் என்று தோன்றும்போது இடது கால் மிதியை ஒரே மிதி மிதித்துவிட வேண்டும், மூன்று விழுந்துவிடும். கிளட்ச் தட்டு கிடையாது. எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவில் எண்ணெய் நிரம்பிய சக்கரம் ஒன்று சுழன்று இழுக்கும். ஒரே ஒரு ஆபத்து, மிதியை அரைகுறையாக மிதித்தால் அது திருப்பி உதைக்கும். முழங்கால் வரைக்கும் அதிரும் என்று புத்தகத்தில் பழைய டிரைவர்கள் சொல்கிறார்கள். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்டாப்பில் நின்று கிளம்பும் டவுன் வண்டிக்கு இது எப்பேர்ப்பட்ட வரம் என்று, கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் போன நம் ஊர் டிரைவர்களைக் கேட்டால் தெரியும்.

மாடி பஸ் கவிழாதா என்று அன்றைக்குக் கேட்டதும் நானேதான். வளைவில் சாயும், ஆனால் விழாது என்றார் மாமா. எப்படி என்று சொல்ல அவருக்குத் தெரியவில்லை. லண்டனில் மாடி பஸ்ஸுக்கு ஒரு சோதனை உண்டு. மேல்தளத்தில் ஆள் கனத்துக்கு மணல் மூட்டை அடுக்கி, கீழ்தளத்தைக் காலியாக விட்டு, வண்டியை ஒரு மேடையில் ஏற்றி 28 டிகிரி வரை சாய்ப்பார்கள். விழக்கூடாது. எஞ்சின், சேஸ், அச்சு எல்லா இரும்பும் அடியில் இருக்க, மாடி லேசாக இருப்பதால் நிற்கிறது. நம் தலையாட்டிப் பொம்மை சங்கதிதான். சொல்லப்போனால், டாப்பில் வாழைத்தார் நாற்பதும் ஆள் இருபதும் ஏற்றிக்கொண்டு சந்தை நாளில் திருச்செங்கோடு ரோட்டில் ஓடிய நம் பஸ்கள்தான் அபாயம். அந்தச் சோதனையை அதில் வைத்திருந்தால் பதினைந்து டிகிரியிலேயே வாழைத்தார் வயலில் இருந்திருக்கும். அதற்கு நாங்கள் வைத்த பெயரும் 'மாடி'தான். "உள்ள எடமில்லீங்க, மாடிக்குப் போங்க" என்பார் கண்டக்டர்.

என்னைப் போன்ற பட்டறைக்காரனை வாய் பிளக்க வைத்தது வேறொன்று. ஆல்டன்ஹாம் என்ற ஊரில் லண்டன் பஸ்களுக்கென்று ஒரு பெரும் தொழிற்சாலை இருந்தது. சில வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வண்டியும் அங்கே போகும். போனதும் பாடியைச் சேஸிலிருந்து தூக்கிவிடுவார்கள். பாடி ஒரு வரிசையில் போகும், சேஸ் இன்னொரு வரிசையில் போகும். சேஸ் சீக்கிரம் தயாராகிவிடும், பாடி நேரமெடுக்கும். அதற்காகக் காத்திருக்க மாட்டார்கள். எந்தப் பாடி முதலில் தயாராக இருக்கிறதோ அது இந்தச் சேஸில் உட்காரும், போல்ட் முடுக்குவார்கள், வண்டி வெளியே போகும். உள்ளே போன வண்டியின் நம்பர் வெளியே வரும், ஆனால் அதன் உடம்பு வேறொன்றின் உடம்பு. விக்கிரமாதித்தன் கதையில் கூடுவிட்டுக் கூடு பாய்கிறமாதிரி.

இது நடக்க வேண்டுமென்றால் ஏழாயிரம் வண்டியிலும் போல்ட் துளை ஒரு நூலிழைகூடப் பிசகக்கூடாது. எங்கள் பட்டறையில் ஒரே மேஸ்திரி, ஒரே ஆசாரி, ஒரே வாரத்தில் கட்டிய இரண்டு லாரிப் பாடியை மாற்றி வைத்தால் உட்காராது. கால் அங்குலம், அரை அங்குலம் எங்காவது இடிக்கும். அதை நாங்கள் குறையாக நினைத்ததில்லை. ஒவ்வொன்றும் கையால் கட்டியது என்று பெருமைகூட உண்டு. கண்பார்வையில் சட்டம் போடும் ஆசாரிமார்களை நான் குறைத்துச் சொல்லவில்லை, அந்தக் கை எனக்கும் சோறு போட்டது. ஆனால் பழைய வண்டியை அடுத்தவன் தலையில் கட்டும்போது எது நல்லது என்று கேட்டால் லண்டன்காரன் வழிதான். ஒரு வண்டியின் எந்த உறுப்பும் இன்னொரு வண்டிக்குப் பொருந்தும் என்றால், பத்து வண்டியை வாங்கி இரண்டைப் பிரித்துப்போட்டு எட்டை வருஷக்கணக்கில் ஓட்டலாம்.

இவ்வளவு நல்ல வண்டியை ஏன் விற்றார்கள்? இதுதான் அந்த டிரைவரின் கேள்வியும். பதில் சுருக்கமானது. அளவுக்கு மீறிக் கட்டிவிட்டார்கள். போர் முடிந்த கையோடு லண்டனில் பஸ்ஸுக்குக் கூட்டம் அலைமோதியது. அது அப்படியே இருக்கும் என்று நினைத்து ஆர்டர் கொடுத்தார்கள். 1950-களின் நடுவில் ஜனங்கள் கார் வாங்கினார்கள். வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்தது, சாயங்காலம் சினிமாவுக்குப் போகிறவர்கள் குறைந்தார்கள். 1954-ல் கட்டி வந்த புத்தம்புது வண்டிகளில் கிட்டத்தட்ட 80, ஓட்ட ரூட் இல்லாமல் நாலு வருஷம் கிடங்கில் நின்றன. 1958-ல் ஏழு வாரம் பஸ் ஸ்டிரைக் நடந்தது. ஸ்டிரைக்கில் சைக்கிளுக்கும் காருக்கும் போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. ரூட்டுகளைக் குறைத்தார்கள். போதாததற்கு ரூட்மாஸ்டர் என்ற அடுத்த மாடலும் தயாராகிவிட்டது. இப்படித்தான் பத்துப் பன்னிரண்டு வயசிலேயே, இன்னும் பாதி ஆயுசு பாக்கி இருக்கும்போதே, ஆர்.டி. வம்சம் விலைக்கு வந்தது.

அதே 1958 ஜனவரி 1-ம் தேதி, கொழும்பில் பண்டாரநாயக்க அரசு தனியார் பஸ் கம்பெனிகள் அத்தனையையும் எடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபை என்று ஒன்றாக்கியது. நமக்கு அந்தச் செய்தி 1970-களில் வந்தது, அவர்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. தனியார் விட்டுப்போன வண்டிகளில் பாதி ஓட்டை. வாங்க அந்நியச் செலாவணி தட்டுப்பாடு. ஆனால் ஜனம் ஏறியாக வேண்டும். லண்டனில் விலைக்கு நிற்பது நூற்றுக்கணக்கான வண்டி. அங்கேயும் இடது பக்கப் போக்குவரத்து, இங்கேயும் இடது பக்கம். பின்மேடை அங்கேயும் இடது கை ஓரம், இங்கேயும் அதே ஓரம். ஒரு ஆணி மாற்ற வேண்டாம். பிரான்சுக்கோ ஜெர்மனிக்கோ விற்றிருந்தால் ஜனங்கள் நடுரோட்டில் அல்லவா இறங்க வேண்டியிருந்திருக்கும்!

அப்படிக் கப்பலேறியது பல நூறு வண்டி. ஆர்.டி., ஆர்.டி.எல்., எட்டடி அகல ஆர்.டி.டபிள்யூ. மூன்றும் போயின. லண்டனில் அந்த எட்டடி வண்டியை நகரின் நடுப்பகுதியில் விடுவதற்குப் போலீஸ் பயந்ததாம், ரோடு போதாது என்று. முதலில் வெளிப் பகுதிகளில் மட்டும் ஓட்டி, பிறகு 1950-ல் சோதித்துப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். புறக்கோட்டைச் சந்துகளில் மூட்டை வண்டிக்கும் கைவண்டிக்கும் நடுவே அதே பஸ் எப்படித் திரும்பியது என்று அந்தப் போலீஸ்காரர்களுக்கு யாராவது காட்டியிருக்க வேண்டும்.

இது நல்ல வியாபாரமா, தள்ளிவிட்ட சரக்கா என்று நான் யோசித்ததுண்டு. வெள்ளைக்காரன் கழித்ததை வாங்கி ஓட்டுவது கேவலம் என்று பேசுகிறவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. என் அனுபவத்தில் சொல்கிறேன், பழைய வண்டி வாங்குவது பாவமில்லை. பேப்பர் சுத்தமாக இருக்கிறதா, ஸ்பேர் கிடைக்குமா, சேஸ் நேராக இருக்கிறதா, இந்த மூன்றும்தான் கேள்வி. மூன்றுக்கும் அந்த வண்டிகளில் ஆமாம் என்றே பதில். வாங்கிய பிறகு ஆல்டன்ஹாம் மாதிரி ஒரு பட்டறை கூடவே கப்பலில் வராது என்பதுதான் சங்கடம். 56 பேர் உட்கார வேண்டிய வண்டியில் படிக்கட்டு, பின்மேடை எல்லாம் ஆளாகத் தொங்கினால், பட்டை ஸ்பிரிங் எத்தனை நாள் தாங்கும்? லண்டனில் கணக்குப் பார்த்து ஓவர்ஹாலுக்குப் போன வண்டி, அங்கே நின்றுபோன பிறகுதான் பட்டறைக்குப் போயிருக்கும். நம் ஊர் நடைமுறையும் அதுவே.

லண்டனில் ஆர்.டி.டபிள்யூ. 1966-லும் ஆர்.டி.எல். 1968-லும் ஓட்டத்திலிருந்து போய்விட்டன. கடைசி ஆர்.டி. 1979 ஏப்ரல் 7-ம் தேதி பார்க்கிங் பகுதியில் 62-ம் நம்பர் ரூட்டில் ஓடி நின்றது. வழியெல்லாம் ஜனம் நின்று வேடிக்கை பார்த்ததாம். நாற்பது வருஷம் ஒரே மாதிரி வண்டி ஓடியிருந்தால் அப்படித்தான் இருக்கும்.

ரூட்மாஸ்டருக்கும் இரண்டாம் பிழைப்பு வந்தது. 1986 அக்டோபரில் பிரிட்டனில் லண்டனுக்கு வெளியே பஸ் ரூட்டுகளை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று திறந்துவிட்டார்கள். ஊருக்கு நாலு கம்பெனி, ஒரே ஸ்டாப்பில் போட்டி. சேலம் பழைய பஸ் ஸ்டாண்டில் நமக்குப் பழகிய காட்சிதான், அவர்களுக்குப் புதுசு. கிளாஸ்கோ, பிளாக்பூல், சவுத்எண்ட், கார்லைல், பெட்ஃபோர்ட், ஹல் என்று வெளியூர்க் கம்பெனிகள் லண்டன் கழித்த ரூட்மாஸ்டர்களை வாங்கி, தங்கள் கலர் அடித்து விட்டன. காரணம் கண்டக்டர். புது பஸ்ஸில் டிரைவரே டிக்கெட் கொடுக்க வேண்டும், ஸ்டாப்பில் நிற்கும் நேரம் அதிகம். ரூட்மாஸ்டரில் பின்னால் ஏறு, மணி இரண்டு அடி, போ. ஒரு மணி என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கிளம்பு. நம் ஊர் விசில் பாஷையும் அதே. அந்தப் பாஷை அங்கிருந்துதான் இங்கே வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். சில வருஷத்தில் சம்பளக் கணக்குப் பார்த்துக் கண்டக்டர்களையும் அந்த வண்டிகளையும் வெளியூர்க் கம்பெனிகள் நிறுத்திவிட்டன. லண்டனிலேயே 2005 டிசம்பர் 9-ல் 159-ம் நம்பர் ரூட்டோடு பெரிய ஓட்டம் முடிந்தது.

1988 வாக்கில் ஏறத்தாழ 40 ரூட்மாஸ்டர்கள் இலங்கைக்கும் போயின. அதற்குள் அங்கே சபையை மண்டலம் மண்டலமாகப் பிரித்துவிட்டிருந்தார்கள். தனியார் மினி பஸ்களும் வந்துவிட்டன. அண்ணனுக்கு அமைந்த வாழ்வு தம்பிக்கு அமையவில்லை. ரூட்மாஸ்டர் சேஸ் இல்லாத வண்டி, பாடியே எலும்புக்கூடு, அலுமினியம். நுணுக்கமான வேலைப்பாடு. வசதியான வீட்டில் வளர்ந்த பிள்ளை மாதிரி, சொந்தப் பட்டறை பக்கத்தில் இருக்கிறவரை ராஜா.

நம் பக்கம் மாடி பஸ் என்றால் மெட்ராஸ்தான். எண்ணூரில் 1967 முதல் அசோக் லேலண்ட் 'டைட்டான்' என்ற மாடி பஸ் சேஸ் கட்டினார்கள். பல்லவனில் பச்சை மாடி பஸ் ஓடியது, பாரிமுனையிலிருந்து தாம்பரம் போகும் 18 ஏ-யில் ஏறாதவர்கள் நம் தலைமுறையில் குறைவு. மேம்பாலங்களும் வயர்களும் பெருகி அதுவும் போய்விட்டது. பம்பாயில் 1937-ல் ஆரம்பித்த பழைய டீசல் மாடி பஸ் 2023 செப்டம்பர் 15-ல் முடிந்தது. இப்போது மூணாறில் கேரளக்காரர்கள் கண்ணாடி வைத்த மாடி பஸ் ஒன்றைச் சுற்றுலாவுக்கு விட்டிருக்கிறார்கள். அதைப் பத்திரிகையில் பார்த்தபோதும் மாமா ஞாபகம்தான்.

நம் சேலம், திருச்செங்கோடு ரோட்டில் ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். அன்றைய அந்த ரோட்டை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் புளியமரம் கை கோத்து நிற்கும். 14 அடிக்கு மேல் உயரமான வண்டி மல்லசமுத்திரம் போய்ச் சேரும்போது மாடியில் புளியம்பழம் ஒரு மூட்டை இருந்திருக்கும், கண்ணாடி ஒன்றுகூட இருந்திருக்காது. லண்டனில் மாடி பஸ் போகும் வழியில் மரக்கிளை கழிப்பதற்கென்றே ஆள் உண்டு. நமக்கு ரோடு அகலமானபோது மரத்தையே கழித்துவிட்டார்கள்.

லண்டனிலிருந்து வந்த மறுவாரம் முறுக்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு அத்தையைப் பார்க்கப் போனேன். ஆட்டையாம்பட்டிக்காரனே ஆட்டையாம்பட்டிக்காரிக்கு முறுக்கு வாங்கிப் போவது கேலிக்கூத்துதான், ஆனால் வெறுங்கையோடு போக மனசில்லை. அத்தைக்கு அப்போது எழுபத்தைந்துக்கு மேல். புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன். ஒவ்வொரு பஸ் படத்துக்கும் கீழே பாடி கட்டியவர்கள் பெயர் போட்டிருந்தது. 'பார்க் ராயல்' என்று ஓர் இடத்தில் கண்டதும்தான் ஞாபகம் வந்தது. மாமா அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார். ஏறி இறங்கும்போதெல்லாம் வண்டிக்குள் பார்த்த எழுத்து என்று. அது ஏதோ ஓட்டல் பெயர், அதையும் பஸ்ஸில் சேர்த்து அளக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம்.

"அத்தை, மாமா சொன்னதெல்லாம் நெசந்தானுங்க" என்றேன்.

அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார். படிக்கட்டின் மேல் விரல் வைத்தார்.

"இதேதான். நான் இதுல மேல ஏறுனதே இல்ல தம்பி. சேல தடுக்கும்னு உங்க மாமா விடமாட்டாரு. அவரு மட்டும் மேல போவாரு. நான் புள்ளையோட கீழ உக்காந்திருப்பேன். வெள்ளவத்தை வந்ததும் மேலருந்து காலால ரெண்டு தட்டு தட்டுவாரு. அப்பறந்தான் நான் எந்திரிப்பேன்."

புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டு வரலாமென்று நினைத்தேன். கண் தெரியாது, நீயே வைத்துக்கொள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். முறுக்கை மட்டும் வாங்கிக்கொண்டார்.